ஆறு துளை, விட்டம் இருபது

ஒரு துளைக்கு எதற்கு இத்தனை எழுத்து என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துளை என்பது வெறும் ஓட்டை, அதில் விளக்க என்ன இருக்கிறது என்று எங்கள் பட்டறையில் வாய் கூசாமல் பேசுவார்கள். பேசட்டும். கராகண்டா வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரும்புச் சாமான் செய்து கொடுக்கிற பட்டறை இது. நான் இங்கே தரப் பரிசோதகர், பெயர் கார்லிகாஷ். என் முத்திரை விழாமல் ஒரு சாமானும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நான் நிஜமாகவே நம்புகிறேன் என்பதுதான் இங்கே பலருக்கு என் மேல் உள்ள வருத்தம்.

டிராயிங்கில் துளையைச் சும்மா வட்டமாகப் போட்டுவிட்டுப் போய்விட மாட்டார்கள். வட்டத்திலிருந்து சின்னதாக ஒரு கோடு கிளம்பும், கோட்டின் மேல் ஒரு வரி இருக்கும். எத்தனை துளை, எவ்வளவு விட்டம், அளவில் எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம், எந்த முறையில் போட வேண்டும், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறவர்கள், உப்பு ஒரு கரண்டி என்று படித்துவிட்டு எதில் போடுவது என்று படிக்காமல் அடுப்பு மூட்டுகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் சமைத்ததை மற்றவர்கள்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

வசந்தம் பிறக்கிற நவ்ரோஸ் திருநாளுக்கு நகர மன்றம் எங்களிடம் ஒரு அல்திபகான் கேட்டது. ஆறு கால் ஊஞ்சல். மூன்று கால் இந்தப் பக்கம், மூன்று கால் அந்தப் பக்கம், இரண்டு உச்சிக்கும் நடுவே ஒரு உத்தரம், உத்தரத்திலிருந்து கயிறு. பையனும் பெண்ணும் எதிரெதிரே நின்று ஆடிக்கொண்டே பாடுவார்கள். ஒருவர் பாட்டில் சீண்டினால் மற்றவர் பாட்டிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் தோற்றது கணக்கு. எல்லா வருடமும் மரக்கம்பை நட்டு, கயிற்றால் கட்டி, திருநாள் முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். இந்த வருடம் மன்றத்துக்கு ஆசை பெரிதாகிவிட்டது. இரும்பில் வேண்டுமாம், இரண்டு மாடி உயரம் வேண்டுமாம், சதுக்கத்தில் நிரந்தரமாக நிற்க வேண்டுமாம்.

அதில் முதலில் ஏறிப் பாட ஊரே சேர்ந்து தேர்ந்தெடுத்த பெண் என் மகள் ஐசுலு. பனிக்காலம் முழுக்க அவள் பாடிப் பழகியதில் எங்கள் அடுக்குமாடியில் யாரும் மத்தியானம் கண் அசந்ததில்லை. சுவரைத் தட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கடைசியில் தானும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்.

சாமான் முடிந்து பெயிண்டும் அடித்தாயிற்று, முத்திரை போட வரச் சொன்னார்கள். போனேன். மூன்று கால்களும் வந்து சேருகிற உச்சியில் தடித்த இரும்பில் ஒரு தொப்பி இருக்கும், நாங்கள் தலை என்போம். ஒரு காலுக்கு இரண்டு போல்ட், ஆக ஒரு தலைக்கு ஆறு. அந்த ஆறு போல்ட்டுக்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வாஷர் போட்டிருந்தது. டிராயிங்கில் அந்த இடத்தில் வாஷரே கிடையாது.

ஃபோர்மேன் ஆர்தூர் கெல்லர் பக்கத்தில் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் சொந்தக்காரர்கள் எல்லாம் எப்போதோ ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் இங்கே நல்ல மீன் கிடைக்கிறது என்று சொல்லித் தங்கிவிட்டான். நல்ல கைக்காரன், ஆனால் பொய் சொல்ல வராது.

"இது என்ன ஆர்தூர்?"

"வாஷர்தான் அக்கா."

"சமோவார் மூடி கணக்கா இருக்கு. எதுக்கு?"

"ஒரு அழகுக்குப் போட்டது."

"அழகா? உச்சியில இருக்கிற அழகை யாரு ஏறிப் பார்க்கப் போறா, காக்காவா? ஒண்ணைக் கழட்டு."

"பெயிண்ட் இன்னும் காயலக்கா."

"கழட்டுன்னா கழட்டு."

கழற்றினான். நட்டு வந்ததுமே போல்ட் தானாக நழுவித் தரையில் விழுந்து உருண்டது. வாஷரை எடுத்துவிட்டுப் பார்த்தால், தலையின் துளை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டு கிடந்தது. விளிம்பெல்லாம் கேஸ் கட்டர் கடித்துத் துப்பிய கசடு. போல்ட்டை மறுபடி உள்ளே வைத்தேன், அதன் பக்கத்தில் என் சுண்டுவிரலும் போயிற்று. எனக்குக் காது மடல் வரை சூடேறியது.

"எத்தனை இப்படி?"

"எல்லாமேதாங்க்கா. ரெண்டு தலையும்."

"டிராயிங்கை எடு. அந்த வரியைப் படி."

அவன் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை, மனப்பாடமாகச் சொன்னான். "ஆறு துளை, விட்டம் இருபது, எச் ஏழு. கால்களோடு சேர்த்து வைத்து ரீமர் போடவும்."

"அர்த்தம் தெரியுமா தெரியாதா?"

"ஏன்க்கா தெரியாது. தலையையும் காலையும் ஒண்ணா மாட்டி, துளையைச் சீவி அளவுக்குக் கொண்டு வர்ற ரீமரை ரெண்டுலயும் ஒரே தடவையில விட்டு எடுக்கணும். எச் ஏழுன்னா துளையில மயிரிழை கூட மிச்சம் இருக்கக் கூடாது, போல்ட்டு சுத்தியல்ல தட்டினாத்தான் போகணும். படிச்சேன்க்கா. படிக்காம செய்யல."

"படிச்சிட்டுமா இதைச் செஞ்ச?"

"டைரக்டர் ஒரெக்கே சொன்னார். அவ்வளவு உயரக் காலைத் தூக்கி மாட்டி, துளை போட்டு, திரும்ப இறக்க நேரம் இல்லைன்னார். புது கம்ப்யூட்டர் டிரில் வாங்கியாச்சு, தலைய தனியா போடு, காலைத் தனியா போடு, இருபது எங்க போட்டாலும் இருபதுதானேன்னார். போட்டேன். மெஷின் துளியும் தப்புப் பண்ணல. காலுக்கு வெல்டிங் வச்சப்புறம் அது இழுத்துக்கிச்சு. மாட்டிப் பார்த்தா ஒரு துளை ஒரு துளையை ஏறெடுத்துப் பார்க்க மாட்டேங்குது. சாயங்காலம் லாரி வருதுன்னு தலை மேல நிக்கிறார். நான் என்ன செய்ய? சுரங்கத்துக்கு எப்பவும் செய்யறதைச் செஞ்சேன்."

அதுதான் எங்கள் ஊர் வியாதி. சுரங்கத்து வேலையில் துளையைப் போல்ட்டை விடக் கொஞ்சம் பெரிதாகத்தான் போடுவோம். பொருந்தவில்லையா, கேஸ் கட்டரை எடு, ஒரு சுற்று சுற்று, வாஷரைப் போட்டு இறுக்கு. இந்தக் கை அப்படியே பழகிவிட்டது. ஆனால் சுரங்கத்து இரும்புச் சட்டகம் போய் நின்றால் நின்றதுதான், மலையே மேலே உட்கார்ந்து அழுத்தும், எங்கேயும் அசையாது. ஊஞ்சல் அப்படியா? நாள் முழுக்க இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. இறுக்கியது கொஞ்ச நேரம் பிடிக்கும், பிறகு வாஷருக்கு அடியில் பெயிண்ட் நசுங்கும், பிடி விடும், போல்ட் துளைக்குள் நடக்க ஆரம்பிக்கும். நடக்க ஆரம்பித்த போல்ட் ஒருநாள் கிளம்பிப் போய்விடும். அதற்குத்தான் டிராயிங் போட்ட மனிதன் மெனக்கெட்டு அப்படி எழுதினான்.

முத்திரையைப் பையிலிருந்து எடுக்காமலே டைரக்டர் அறைக்குப் போனேன்.

ஒராஸ்பெக்கை ஊரெல்லாம் மரியாதையாக ஒரெக்கே என்று கூப்பிடும். நான் கூப்பிடுவதில்லை. பாலிடெக்னிக்கில் நாங்கள் ஒரே பெஞ்ச். டிராயிங் பரீட்சையில் என் தாளை எட்டிப் பார்த்து எழுதியவன், என் தப்பையும் சேர்த்து எழுதியவன். இப்போது வயிறு வந்துவிட்டது, நாற்காலி வந்துவிட்டது.

"வா வா கார்லிகாஷ். டீ ஊத்தவா? பவர்சாக் பணியாரம் இருக்கு, வீட்ல சுட்டது. முத்திரை போட்டாச்சா?"

"போடல. போட மாட்டேன்."

அவன் டீக் கிண்ணத்தில் பாலை ஊற்றிக்கொண்டே சிரித்தான். "என்ன, பெயிண்ட் நிறம் பிடிக்கலையா?"

"துளை பிடிக்கல. நீ அந்த வரியைப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன். எல்லா டிராயிங்லயும் அந்த ஆளு அதையேதான் போடுவான். ஒரு இடத்துல எழுதினதை வெட்டி இன்னொரு இடத்துல ஒட்டுறது. அதுக்குப் போய் சாமி வந்த மாதிரி ஆடுற."

"அப்போ மத்த எடத்துல ஏன் எழுதல? அடிக் காலுக்குப் பதினெட்டு துளை இருக்கு, அங்கெல்லாம் சும்மா இருபத்திரெண்டுன்னு விட்டிருக்கான். எச் ஏழும் இல்ல, சேர்த்து வைன்னும் இல்ல. உச்சியில மட்டும் எழுதியிருக்கான். யோசிச்சு எழுதினவன்தான் இடம் பார்த்து எழுதுவான். உனக்கே இது தெரியும். தெரியாத மாதிரி நடிக்காத, அது உனக்கு நல்லா வரல."

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "தெரியும். சரி. இப்ப என்ன செய்யச் சொல்ற? புதுத் தலை வெட்டி, காலைத் தூக்கி மாட்டி, சேர்த்து ரீமர் போட்டு? திருநாளே முடிஞ்சிரும். மன்றத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன். எவ்வளவு இறுக்கியிருக்கு தெரியுமா? கெல்லர் ஆள் உயர ஸ்பேனர் போட்டுத் தொங்கியிருக்கான்."

"தொங்கட்டும். ஒரு பாட்டுக்குத் தாங்கும். ஒரு திருவிழாவுக்குத் தாங்காது."

"சுரங்கத்துல..."

"சுரங்கத்தை இழுக்காத. சுரங்கத்துல யாரும் நின்னுகிட்டு ஊஞ்சல் ஆடறதில்ல."

பவர்சாக் தட்டை என் பக்கம் நகர்த்தினான். பிறகு குரலை மாற்றினான். "இங்க பாரு. இது சுரங்கச் சாமான் இல்ல, விளையாட்டுச் சாமான். இதுக்கு உன் முத்திரை வேணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. நான் மரியாதைக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

"உன் மரியாதையை நீயே வச்சுக்க."

"கோவப்படாத. உன் பொண்ணு ஏறுறான்னுதானே பயம்? பெத்தவளுக்கு இருக்கும், நான் தப்புச் சொல்லல. மன்றத்துல ஒரு வார்த்தை சொல்றேன். ஐசுலுவுக்குத் தொண்டை சரியில்லைன்னு சொல்லிட்டு வேற புள்ளைய ஏத்திக்கலாம். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்குக் கோபம்தான் இருந்தது. அந்த நிமிடம் வந்தது அருவருப்பு. என் பிள்ளையை இறக்கிவிட்டு ஊரான் பிள்ளையை ஏற்றிவிடலாமாம். அதைப் பவர்சாக் தட்டை நீட்டுகிற அதே கையால் நீட்டுகிறான்.

"எந்தப் புள்ள, ஒராஸ்பெக்? பேரைச் சொல்லு. அந்த வீட்டுக்கு நானே போய் அவங்கம்மாகிட்ட சொல்றேன், எம் பொண்ணு ஏறப் பயந்த எடத்துல உம் பொண்ணு ஏறுறான்னு."

நான் டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன். எங்கள் ஊரில் ஊற்றிய டீயைத் தொடாமல் எழுந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை, அவனுக்கு அது புரிந்திருக்கும்.

லாரி வந்தது, ஊஞ்சல் போயிற்று. மன்றத்துக்குப் போன் போட்டேன். "டைரக்டரே பொறுப்பு ஏத்துக்கிட்டார்மா, நீங்க ஏன் அலட்டிக்கிறீங்க" என்று சொல்லி ஒரு பெண் குரல் போனை வைத்துவிட்டது. நேரில் போனேன். துணை மேயர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். காத்திருந்தேன். கூட்டம் பின்வாசல் வழியாக முடிந்துவிட்டது.

வீட்டில் ஐசுலுவிடம் சொன்னபோது அவள் சட்டைக்கு வெள்ளி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை அப்படியே குத்தி வைத்தாள்.

"அம்மா, ஊரே வருது. நேத்துலேர்ந்து பசங்க அதுல ஏறி ஆடிட்டிருக்காங்க. ஒண்ணும் ஆகல."

"நேத்தே ஆகும்னு நான் சொல்லல."

"நீ எப்பவும் இப்படித்தான். என் பிறந்தநாள் கேக்குக்கும் அளவு பார்க்கிற கேஜ் வச்சுப் பார்த்தவதானே நீ."

"பார்த்தேன். ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. "நான் ஏறத்தான் போறேன். உன் பட்டறைச் சண்டையை என் தலையில கட்டாத." கதவைச் சாத்திய சத்தத்தில் அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. அவள் என் பெண்தான், சந்தேகமே இல்லை.

திருநாள் அன்று சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. அண்டா அண்டாவாக நவ்ரோஸ் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் பனி கருத்துக் கரைந்து ஓடியது. ஊஞ்சலுக்கு நீலமும் மஞ்சளும் அடித்து, ரிப்பன் கட்டி, கீழே கம்பளம் விரித்திருந்தார்கள். மேடையில் தோம்ப்ரா நரம்பு வாத்தியம் வாசிப்பவர் உட்கார்ந்திருந்தார். துணை மேயர் இரும்பைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் பேசி முடித்தார். மன்றக் கூட்டத்தில் இல்லாமல் அவரை அவ்வளவு நேரம் பார்த்ததில் எனக்கு ஆச்சரியம்தான்.

ஐசுலு கம்பளத்துப் பக்கம் வந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளி பொத்தான், கன்னம் குளிரில் சிவந்து. அவளுக்கு ஜோடி பாடுகிற பையன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே போய், அவளுக்கு முன்னால் ஊஞ்சல் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, வேண்டாம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தளர்ந்துவிடும். மேடைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னேன். "ஊரு பெரியவங்க மன்னிக்கணும். புது ஊஞ்சல், செஞ்சவங்கதானே முதல்ல ஏறணும். பட்டறை சார்பா நான் ஏறுறேன். எனக்கு எதிர்ப்பாட்டுப் பாட ஒராஸ்பெக்கைக் கூப்பிடுறேன்."

எங்கள் ஊரில் அல்திபகானுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மறுக்க முடியாது. மறுத்தவன் பெயர் அடுத்த திருநாள் வரை டீக்கடையில் உருளும். கூட்டம் ஹோவென்று கைதட்டியது. கிழவர்கள்தான் அதிகம் தட்டினார்கள். "ஒரெக்கே, ஏறுங்க, ஏறுங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க" என்று யாரோ கத்தினார்கள்.

ஒராஸ்பெக் மேடையிலிருந்து என்னைப் பார்த்தான். என்ன செய்கிறாய் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் கயிற்றைக் கொஞ்சம் அவன் பக்கம் நீட்டினேன். அவன் கோட்டைக் கழற்றித் துணை மேயர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தான். ஆள் கோழை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பாட்டில் அவனை இந்த ஊரில் ஜெயித்தவர் குறைவு. அதனால் சிரித்துக்கொண்டேதான் வந்தான்.

"அசிங்கப்படுத்தப் பார்க்கிறியா?" என்றான் ஏறிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"இல்ல. உன் முத்திரையை வாங்கப் பார்க்கிறேன்" என்றேன்.

எதிரெதிரே நின்றோம். தள்ளிவிட ஆள் வேண்டும். கூட்டத்தில் கெல்லர் தலையைக் குனிந்து நின்றிருந்தான். "ஆர்தூர், வா தள்ளு" என்றேன். வந்தான். கயிற்றைப் பிடிக்கும் முன் ஒருமுறை அண்ணாந்து உச்சியைப் பார்த்தான். எனக்கும் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பாட்டுக்குத் தாங்கும் என்று நானே சொன்னேன். நான் சொன்ன கணக்கின் மேல் நானே நின்றேன்.

தோம்ப்ரா தொடங்கியது. ஊஞ்சல் மெல்லக் கிளம்பி, பிறகு வீச்சு எடுத்தது. ஒராஸ்பெக் கணீரென்று பாடினான். இரும்பு மாதிரி மனசுள்ள பெண், இளக வைக்க எந்த உலை என்று என்னைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு. நல்ல பாட்டுதான். கூட்டம் கடைசி வரியைத் திருப்பிப் பாடிச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் மேலே நடப்பது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கயிறு வழியாக உள்ளங்கையில் கேட்டது.

என் முறை வந்தது. எனக்குக் குரல் கிடையாது, காக்கை கத்துவது மாதிரி இருக்கும். கத்தினேன்.

"ஆறு காலு நட்டு வச்ச அண்ணே ஒராஸ்பெக்கே,
ஆடும்போது பேசுறது ஆரு ஒராஸ்பெக்கே?"

கூட்டம் சிரித்தது. பதில் பாட அவன் வாயைத் திறந்தான். அப்போது யாரும் சொல்லாமலே கெல்லர் ஊஞ்சலை விட்டுவிட்டு மேடைக்குப் போனான். போய், வாசித்துக்கொண்டிருந்தவரின் தோம்ப்ரா நரம்புகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். இசை நின்றது. என்ன ஆயிற்று என்று கூட்டமும் வாயை மூடியது.

ஊஞ்சல் அந்தப் பக்கம் போயிற்று. மேலே, டக்.

இந்தப் பக்கம் வந்தது. டக்.

அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றவள் கூட அண்ணாந்து பார்த்தாள். ஒராஸ்பெக் வாய் திறந்தபடியே இருந்தது, பாட்டு வரவில்லை. அவன் முகத்துக்கு நேரே என் முகம். அவன் கண் என் தலைக்கு மேலே, அந்த நீல வாஷர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. டக். அவன் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டான்.

"பாடு" என்றேன்.

"நிறுத்தச் சொல்லு."

"பதில் பாடாம இறங்க விடமாட்டாங்க. பாடு. பேசுறது யாருன்னு கேட்டேன்."

டக்.

"கார்லிகாஷ், போதும்."

"எனக்கு இல்ல. அவங்களுக்குச் சொல்லு."

ஊஞ்சல் தானாக வேகம் குறைந்து நின்றது. ஒராஸ்பெக் இறங்கிக் கம்பளத்தில் நின்றான். கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினான். "மக்களே, இன்னைக்குக் காத்து பலமா இருக்கு. அதனால ஊஞ்சலை..."

"எங்க இருக்கு காத்து?" என்றேன். ஊஞ்சலில் நின்றபடியேதான் கேட்டேன். ஊஞ்சல் காலில் கட்டியிருந்த ரிப்பன் ஒன்று கூட அசையவில்லை. அண்டாவின் ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ஊரே அந்த ரிப்பனைப் பார்த்தது, பிறகு அவனைப் பார்த்தது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. ஒரு காற்றைக் கொடுத்துவிடேன், அவ்வளவுதானே, என்று கேட்டது. கொடுத்திருக்கலாம். ஊஞ்சல் நின்றுவிட்டது, இன்று யாரும் ஏறப் போவதில்லை. ஆனால் காற்று நாளைக்கு அடங்கிவிடும். அடங்கியதும் பிள்ளைகள் ஏறுவார்கள். நான் இறங்கவில்லை. காத்திருந்தேன்.

"காத்து இல்ல" என்றான் ஒராஸ்பெக். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "மேல துளை பெருசா இருக்கு. பெருசாத்தான் இருக்கும், கேஸ் கட்டர் வச்சு நாங்கதான் பெருசாக்கினோம். சேர்த்து வச்சுப் போடுன்னு டிராயிங்ல எழுதியிருந்துச்சு. எனக்குத் தெரியும். தலையைப் புதுசாச் செஞ்சு மாட்டுற வரைக்கும் இதுல யாரும் ஏறக் கூடாது."

துணை மேயர் கையில் அந்தக் கோட்டோடு நின்றார், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல். நான் இறங்கினேன். கெல்லர் வந்து ஊஞ்சல் கயிற்றைச் சுருட்டி, எட்டாத உயரத்தில் முடிச்சுப் போட்டான். முடிச்சை மட்டும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். இதற்காக ஒராஸ்பெக் நாளைக்கு என்னைக் கிடங்கில் ஆணி எண்ணப் போடலாம். போடட்டும், எண்ணுவேன், ஒரு ஆணி குறைந்தாலும் சொல்லுவேன்.

கூட்டம் முணுமுணுத்தது. திருநாள் போச்சே என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அப்போது ஐசுலு அந்தப் பையனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கம்பளத்தின் நடுவே வந்தாள். ஊஞ்சலுக்கு அடியில், வெறும் தரையில், அவனுக்கு எதிரே நின்றாள். தோம்ப்ராக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். பிறகு பாட ஆரம்பித்தாள்.

பாட்டு முழுக்க அவள் அந்தப் பையனைப் பார்க்கவே இல்லை. என்னையே முறைத்துக்கொண்டு பாடினாள். ஊஞ்சலில் பாடுவதற்காகப் பனிக்காலம் முழுக்க வீட்டில் பழகியதை அம்மா கெடுத்துவிட்டாள் என்று ஒவ்வொரு வரியிலும் முறைத்தாள். நானும் கண்ணை எடுக்காமல் திருப்பி முறைத்தேன். முறைக்கட்டும். முறைக்க அவளுக்குக் கண் இருக்கிறது, தரையில் ஊன்றி நிற்க இரண்டு காலும் இருக்கிறது. எனக்கு அது போதும்.